முந்திப் போனவனின் நேரம்

பேய், ஆவி, செத்தவர் திரும்பி வந்தார் என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து தேநீர் போடப் போகிற ஆள் நான். எங்கள் நர்சிங் ஹோமில் ஒருமுறை ஆளில்லாத அறையிலிருந்து அழைப்பு மணி மூன்று நாள் தொடர்ந்து அடித்தது. கூட வேலை செய்த கேரளத்துப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள், நான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வயருக்குள் ஈரம், அவ்வளவுதான். இருபது வருடமாக இந்த நாட்டில் நர்ஸ் வேலை, அதில் முக்கால்வாசி வயதானவர்களோடு, என் கையால் கண்ணை மூடிவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி வைக்கவில்லை, ஒருவர்கூட எழும்பி வந்து என்னைத் தொந்தரவு செய்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

முதலில் என் வேலையில் ஒரு விஷயம் உங்களுக்கு விளங்கவேண்டும். எங்கள் சனத்துக்கு டொக்டர் வந்து நாடி பிடித்து உதட்டைப் பிதுக்கினால்தான் சாவு சாவு. இந்த நாட்டுச் சட்டம் அதற்கு டொக்டரைக் கேட்பதே இல்லை. என்ன காரணத்தால் செத்தார் என்று சான்றிதழ் எழுதுவதுதான் டொக்டரின் வேலை. உயிர் போய்விட்டது என்று பார்த்து உறுதிசெய்து நேரம் போடுவதை, அதற்கென்று பயிற்சி எடுத்த நர்ஸ் செய்யலாம். அதற்கும் வேலி போட்டிருக்கிறார்கள். எதிர்பார்த்திருந்த சாவாக இருக்கவேண்டும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டாம் என்ற தாள் முன்பே கையெழுத்தாகி இருக்கவேண்டும். விழுந்து செத்தவர், திடீரென்று செத்தவர், ஏதாவது சந்தேகம் உள்ளவர், இவர்களுக்கு நான் நேரம் போடமுடியாது.

செய்யும் முறை சுலபம். கழுத்தில் நாடி, கண்ணில் டோர்ச் வெளிச்சம், தோளை அழுத்திக் கிள்ளிப் பார்ப்பது, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஐந்து நிமிடம் கேட்பது. முழுதாக ஐந்து நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு. இடையில் ஒரு துடிப்போ ஒரு மூச்சோ ஓர் அசைவோ இருந்தால் முதலிலிருந்து திரும்ப ஐந்து நிமிடம். ஒன்றும் இல்லை என்றால் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைக்கலாம். இந்தப் பயிற்சிக்கு நானேதான் கேட்டுப் போனேன். சனி ஞாயிறுகளில் டொக்டர் வரும்வரை குடும்பங்கள் பிணத்தோடு ஆறு மணித்தியாலம் ஏழு மணித்தியாலம் காத்திருந்ததைப் பார்த்து மனம் வெறுத்துப் போயிருந்தது.

எங்கள் ஹோம் ரெய்னர்ஸ் லேன் பக்கம். பெயர் வேண்டாம். அங்கே சோமசுந்தரம் ஐயா என்று ஒருவர் இருந்தார். ஊரில் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக வேலை பார்த்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று லொக் புத்தகத்தில் எழுதி, போகலாம் என்று விடுகிற வேலை. முப்பது வருடத்துக்கு மேல் அதைச் செய்த மனிதர் படுக்கையில் கிடந்தும் அதை விடவில்லை. மத்தியான மாத்திரை இரண்டு நிமிடம் பிந்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வலது கைச் சுட்டுவிரலை மடக்கி, மடங்கிய இடத்து மொளியால் கட்டில் கம்பியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். எங்கள் ஊர் பஸ்ஸில் கொண்டக்டர் மணியடிப்பதும் அப்படித்தான், ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். உடம்பு துடைக்க வருகிற பிள்ளைகள் ஆபிரிக்காவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள், அவர்களும் இதைப் பழகிவிட்டார்கள். வேலை முடிந்ததும் அவர் இரண்டு தட்டுத் தட்டும்வரை ஒருவரும் அறையை விட்டுப் போகமாட்டார்கள்.

மனைவி எப்போதோ போய்விட்டார். ஒரே மகள் வசந்தி, இல்ஃபோர்ட்டில் இருந்தாள், ஒரு மருந்துக்கடை கவுண்டரில் வேலை. ஒன்றுவிட்ட ஒருநாள் ரயில் மாறி மாறி வந்து தகப்பனுக்குத் தாடி வழித்துவிட்டுப் போவாள். அவளுக்குக் கீழே குகன் என்று ஒரு தம்பி. கடைசிச் சண்டை நேரம் தகப்பன் யாழ்ப்பாணத்தில், பிள்ளைகள் இரண்டும் வன்னியில் அகப்பட்டுப்போனார்கள். வசந்தி வந்து சேர்ந்தாள், குகன் வரவில்லை. சனத்துக்குள் கை விட்டுப்போய்விட்டது, அதற்குப் பிறகு காணவில்லை, இதுதான் வசந்தி தகப்பனுக்குச் சொன்னது. பிறகு ஊரில் அரசாங்கக் கந்தோரில் மரணப் பத்திரம் தருகிறோம் என்றார்களாம். ஆர் பார்த்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டாராம் ஐயா. ஒருவரும் பதில் சொல்லவில்லை. கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்துவிட்டார். அதனால் குகனுக்குத் திவசமும் இல்லை, மாலை போட்ட படமும் இல்லை. வசந்தியின் வீட்டில் அவன் படம் பிறந்தநாள் படங்களோடு ஒன்றாகத் தொங்கியதாம்.

ஐயா போவதற்கு ஒரு கிழமை முன்பு பக்கத்து அறை வெள்ளைக்கார மூதாட்டி காலமானார். அடுத்த நாள் நான் மாத்திரை கொண்டு போனபோது ஐயா ஒரு தட்டுத் தட்டினார். நின்றேன்.

"தம்பி, அந்த மனுசிக்கு டொக்டர் வரேல்லைப் போலை."

"இல்லை ஐயா. நான்தான் பாத்து எழுதினனான்."

"நேரமும் நீரோ போட்டனீர்?"

"ஓம்."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்:

"அப்ப என்ரை மகனுக்கும் ஒரு நேரம் போட்டுத் தாரும்."

உடம்பைப் பார்க்கவேண்டும், காது வைத்துக் கேட்கவேண்டும், பார்க்காத ஆளுக்கு எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினேன். அவர் கோபிக்கவில்லை.

"அது எனக்கு விளங்குது. நானும் பாக்காத பஸ்ஸை ஒருநாளும் எழுதேல்லை. ஆனால் தம்பி, முந்திப் போன பஸ்ஸை எழுதாமல் பிந்திப் போறதை எழுதேலாது. புத்தகம் முழுக்கக் குழம்பிப்போகும். அவன் எனக்கு முந்திப் போயிட்டான், அது எனக்குத் தெரியும். ஆரோ ஒராள் பாத்திருக்கும். பாத்த ஆளைக் கேட்டு எழுதும்."

"ஓம் ஐயா, எழுதுறன்," என்றேன்.

இங்கேதான் என் பிழை. சாகப்போகிறவர் எதைக் கேட்டாலும் ஓம் சொல்லி மனத்தை ஆற்றுவது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். ஊருக்குக் கூட்டிப் போகிறீரோ, ஓம். அம்மா வருவாவோ, ஓம். அப்படி ஒரு ஓம்தான் அது, அறை வாசலைத் தாண்டும்போதே மறந்துவிடுகிற ஓம். அவர் அதை அப்படி எடுக்கவில்லை. திருப்தியாக இரண்டு தட்டுத் தட்டினார், நான் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இந்த மாதிரிக் கதைக்கு இருட்டும் மழையும் வேண்டுமென்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள், எனக்கு வாய்த்தது பட்டப்பகலும் நல்ல வெயிலும். காலையில் ஐயாவுக்கு உடம்பு துடைத்தது நான். நகமும் வெட்டிவிட்டேன், அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு அப்போதே விட்டுவிட்டுத்தான் வந்தது. வசந்தி வெள்ளிக்கிழமையிலிருந்து அறையிலேயே இருந்தாள். மத்தியானம் மணியடித்தாள், போனேன். நான் வாய் திறக்க முன்பே, "ரெண்டு பத்து, அண்ணை," என்றாள். அழவில்லை. தகப்பனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

கொஞ்ச நேரம் அவளை இருக்கவிட்டேன். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. எதிர்பார்த்த சாவு, ஒரு குழப்பமும் இல்லை. கட்டிலின் வலது பக்கம் நின்று, "ஐயா, நான் பாக்கப்போறன்," என்றேன். உயிரில்லாதவருக்கும் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன், அது என் வழக்கம். நாடி இல்லை, கண்மணி அசையவில்லை, தோளைக் கிள்ளியதற்கு ஒன்றும் இல்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்து, சட்டையில் தொங்கும் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினேன். உயிர் போன நெஞ்சுக்குள் ஒரு அமைதி இருக்கும், பழகிய காதுக்கு அது சட்டென்று தெரியும். அந்த அமைதிதான் இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. நாலாவது நிமிடம் முடிய இருக்கும்போது ஒரு சத்தம்.

டொக். ஒன்றே ஒன்று.

இதயத் துடிப்பு அப்படிக் கேட்காது. கம்பியில் எலும்பு படுகிற சத்தம். ஆனால் சத்தம் வந்தது என் காதில் மாட்டியிருந்த குழாய் வழியாக. வசந்தி அசையவில்லை, அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. காற்று மெத்தையின் மோட்டராக இருக்கும் என்று அதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். திரும்பவும் நாலாவது நிமிடத்தில் ஒரு தட்டு. சுடுதண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று ரேடியேட்டரையும் மூடினேன். மூன்றாம் தரமும் அதே இடத்தில் அதே ஒரு தட்டு. நாடியைத் திரும்பப் பார்த்தேன், கண்ணைத் திரும்பப் பார்த்தேன். ஐயாவின் நெற்றி குளிரத் தொடங்கியிருந்தது. அவர் செத்துப்போனார் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை, ஆனால் செத்துப்போனார் என்று எழுத என்னால் முடியவில்லை.

"என்ன அண்ணை, மூண்டு தரம் வைச்சுப் பாக்கிறியள். மூச்சு இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஏன் முடிஞ்சுது எண்டு சொல்லுறியள் இல்லை?"

சந்தேகம் வந்தால் டொக்டரைக் கூப்பிடவேண்டும், அதுதான் முறை. போன் எடுத்தேன். நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம் என்றார்கள். தேவை என்றால் திரும்ப எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டு ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஒரு தட்டு என்றால் நில்.

வசந்தியிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை, போன கிழமை தகப்பன் என்னிடம் கேட்டதையும், நான் ஓம் என்றதையும், முந்திப் போனதை எழுதாமல் பிந்தியதை எழுதமுடியாது என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் முகம் கறுத்துப்போனது.

"குகன் செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

"எனக்கு உரிமை இல்லை, தங்கச்சி. பாத்த ஆளைக் கேட்டு எழுதச் சொன்னவர். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் தகப்பனின் கையை விடவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே யாரோ தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சத்தம் கேட்டது.

"காலமை பத்து முப்பத்தெட்டு," என்றாள்.

நான் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ஷெல் விழுந்தது. நான் எழும்பினன், அவன் எழும்பேல்லை. அப்பா எங்களைச் சின்னனிலை இருந்து பழக்கி வைச்சிருந்தவர், எது நடந்தாலும் முதல் நேரத்தைப் பார் எண்டு. அவன் அப்பிடிக் கிடக்கிறான், நான் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பாக்கிறன். அவன்ரை முகத்தைப் பாக்க முதல் மணிக்கூட்டைப் பாத்தனான், அண்ணை."

அப்போதுதான் அழுதாள். இத்தனை வருடமும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டு ஓடவேண்டியிருந்தது என்றாள், ஒரு துணிகூடப் போர்த்த நேரம் கிடைக்கவில்லை என்றாள். அப்பாவுக்காவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"சொன்னால் எழுதிப்போடுவார்," என்றாள். "எழுதினால் முடிஞ்சுது."

நான் வெள்ளைத் தாள் ஒன்று எடுத்தேன். படிவம் இல்லை, வெறும் தாள். அந்தப் பிள்ளைக்கு நேரம் போட இந்த நாட்டிலோ எந்த நாட்டிலோ எனக்கு அதிகாரம் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பார்த்த ஆள் சொன்னதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. குகனின் பெயர், தகப்பன் பெயர், இடம், நாள், காலை பத்து முப்பத்தெட்டு. பார்த்தவர், அக்கா வசந்தி. எழுதியவர் என்று கீழே என் கையெழுத்து. அவளும் வைத்தாள். எழுதியதை ஐயாவுக்கு உரத்து வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, ஏதோ கோர்ட்டில் வாசிப்பது போல இருந்தது. மடித்து அவருடைய சட்டைப் பையில் வைத்தேன்.

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு நாலாம் தரம் தொடங்கினேன். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. நாலாவது நிமிடம் வந்தபோது ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்திருந்த விரல் மரத்துப்போயிருந்தது. ஒன்றும் இல்லை. ஐந்தும் முடிந்தது. முழு ஐந்து நிமிடமும் அமைதி. காதிலிருந்து குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

டொக், டொக்.

இந்தத் தரம் குழாய் இல்லை. அறைக்குள் கேட்டது, கட்டில் கம்பியிலிருந்து, என் இடுப்புக்குப் பக்கத்தில். வசந்தி தலையைத் தூக்கினாள். நான் கையைப் பார்த்தேன். ஐயாவின் வலது கை நான் வைத்த இடத்தில்தான் கிடந்தது, கம்பியை ஒட்டி, அசைவில்லாமல்.

சட்டப்படி என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். கையெழுத்து வைக்க முன்பு எந்த அசைவு, எந்தச் சத்தம் என்றாலும் முதலிலிருந்து ஐந்து நிமிடம். நான் அதைச் செய்யவில்லை. மூன்று ஏழு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இருபது வருடத்தில் நான் தெரிந்தே மீறிய விதி அது ஒன்றுதான். போகலாம் என்று சொன்ன மனிதரை இன்னும் மறித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் ஒரு மணித்தியாலம் எடுத்தது என்று அடுத்த நாள் மனேஜர் கேட்டார். மகள் தனியாக இருந்தாள், கொஞ்சம் நேரம் கொடுத்தேன் என்றேன். அதில் பொய் இல்லை.

முப்பத்தோராம் நாளுக்கு வசந்தி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள், போனேன். வாசலிலேயே கண்டுவிட்டேன். ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில் குகனின் படம், இரண்டுக்கும் மாலை, இரண்டுக்கும் விளக்கு. பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் ஒரு வெற்றிடம், ஆணி மட்டும் நின்றது. அவள் மெலிந்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சாப்பாடு போட்டுவிட்டு எனக்கு முன்னால் இருந்து கேட்டாள்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் எழுத முதல் ஏதும் சத்தம் கேட்டதோ?"

ஓம் என்றால், நேரம் போட்டது பிழை என்று ஆகிவிடும். தகப்பன் உண்மையில் எப்போது போனார் என்று அவள் ஆயுள் முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பாள்.

"இல்லைத் தங்கச்சி. ஒண்டும் கேக்கேல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "எனக்கும் ஒண்டும் கேக்கேல்லை."

அதோடு அந்தப் பேச்சை விட்டோம். அவள் பாயாசம் கொண்டுவர உள்ளே போனாள்.

இதுவரை கேட்டதற்கு உங்களிடம் பதில் இருக்கும், எனக்குத் தெரியும். வெயிலில் கம்பி விரிந்தது, களைப்பில் காது இரைந்தது, இரண்டு பேரும் துக்கத்தில் இருந்தோம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், பகலில் அது எடுபடவும் செய்கிறது. ஒன்றே ஒன்றை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை, மனேஜரிடமும் சொல்லவில்லை. அன்று நேரம் எழுதிய பிறகு வசந்தி உறவுக்காரருக்குப் போன் பேச வெளியே போனாள், நான் ஐயாவைக் கடைசியாகத் துடைத்தேன். காலையில் நகம் வெட்டிய அதே வலது கை. அப்போது அதில் ஒரு கீறலும் இருக்கவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டியவன் நான். இப்போது சுட்டுவிரல் மொளி புதிதாகச் சிவந்திருந்தது, கம்பியில் ஓங்கித் தட்டினால் உயிரோடு இருக்கிற எங்களுக்குச் சிவக்குமே, அப்படி. பெருவிரலால் அழுத்தினேன், வெளுத்தது. விட்டேன், மெதுவாகத் திரும்பச் சிவந்தது. சாவுக்குப் பிறகு இரத்தம் தாழ்ந்து உடம்பின் அடிப்பக்கம் நிறம் மாறும், அது வேறு, அதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இது மேல்பக்கம். அழுத்தி விட்டால் திரும்பச் சிவப்பதற்கு இரத்தம் ஓடவேண்டும். அப்போது மணி மூன்று நாற்பது, பழக்கதோஷத்தில் நானும் பார்த்து வைத்திருக்கிறேன்.